மைத்துனரின் முகவரியும் மிச்சிகன் கட்டணமும்

கேள்வி: டாலஸ் அருகே கிரீன் கார்டுடன் குடியிருக்கிறோம்; எனக்கு வயது 51. மகளுக்கு ஆன் ஆர்பரில் உள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்திலும், எங்கள் மாநிலத்தின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்திலும் பொறியியல் கிடைத்திருக்கிறது. டெட்ராய்ட்டில் இருக்கும் மனைவியின் அண்ணன், தன் வீட்டு முகவரியைக் கொடுத்தால் மிச்சிகனில் உள்மாநிலக் கட்டணமே, அதாவது அந்த மாநிலத்தாருக்கான குறைந்த கட்டணமே, போதும் என்கிறார். 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் 60,000 டாலர் இருக்கிறது. மைத்துனர் வீடு வாங்குவதற்காக என் 401கே ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்த கடன் இன்னும் தீரவில்லை. மீதிக்கு, பெற்றோருக்கு அரசு தரும் பேரன்ட் பிளஸ் கடனும் வீட்டின் மேல் கடனும் வாங்கலாமா? அவருடைய நண்பர், பங்குச் சந்தைக் குறியீட்டோடு இணைந்த ஐயுஎல் ஆயுள் காப்பீடும் சொல்கிறார்.

பதில்: வாங்க வேண்டாம். முகவரி யோசனையை முதலில் ஒதுக்கிவிடுவோம். பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவர் எந்த மாநிலத்தவர் என்பதை, பெற்றோர் நிலையாகக் குடியிருக்கும் இடத்தை வைத்தே மிச்சிகன் முடிவு செய்கிறது. மாமா வீட்டில் நான்கு ஆண்டுகள் தங்கினாலும், படிக்க வந்தவர் வெளிமாநிலத்தவர்தான். பொய் விவரம் தந்தது தெரியவந்தால், கட்டண வித்தியாசத்தைப் பின்தேதியிட்டு வசூலிக்கவும் அவர்களுக்கு வழியுண்டு.

குறைந்த கட்டணம் என்பது அந்தந்த மாநிலத்தார் கட்டிய வரியின் பலன். உங்கள் டெக்சஸிலேயே, ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் முதலாண்டு இடங்களில் 90 சதவீதத்தை உள்மாநிலத்தாருக்கென்று ஒதுக்கியிருக்கிறார்கள். மிச்சிகனோ இளநிலை மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரை வெளியிலிருந்து எடுக்கிறது. சுருங்கிப்போன அரசு மானியத்தின் இடத்தை அவர்களுடைய முழுக் கட்டணம் நிரப்புகிறது. மகளின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் அந்த அனுமதிக் கடிதம் ஒரு விலைச்சீட்டும்கூட.

தோராயமாகக் கணக்கிடுவோம். தங்குமிடம், உணவு உட்பட மிச்சிகனில் ஆண்டுக்கு 80,000 டாலர், ஏ அண்ட் எம்மில் 32,000. நான்கு ஆண்டுகளில் வித்தியாசம் 1,92,000 டாலர். உள்ளூர்ப் படிப்பு என்றால், 529 போக மீதி 68,000 டாலரை மாதம் 1,400 வீதம் சம்பளத்திலிருந்தே கட்டிவிடலாம். மிச்சிகன் என்றால், அதையும் கட்டிய பிறகு 1,92,000 டாலர் கடனாக நிற்கும். 9 சதவீத வட்டியில் பத்து ஆண்டுகளுக்கு மாதத் தவணை சுமார் 2,430 டாலர். படிக்கும் காலத்து வட்டியை நான் சேர்க்கவே இல்லை. உங்களுக்கு 65 வயதாகும்போது அது முடியும். மேலும் 2026 ஜூலை 1 முதல் புதிதாக பேரன்ட் பிளஸ் வாங்குபவர்களுக்கு ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 டாலர்தான் வரம்பு. மீதி முழுவதும் உங்கள் வீட்டின் தலையில்தான் விழும்.

கல்லூரிக் கட்டணத்தைவிட என்னை உறுத்துவது, மைத்துனர் சொன்னால் கடன் வாங்கிவிடும் உங்கள் பழக்கம். அவருடைய வீட்டுக்கு உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பு போயிற்று. இப்போது அவருடைய ஆசைக்கு உங்கள் வீடு போகப் பார்க்கிறது. நாளை வேலை போய், 401கே பாக்கியை உரிய காலத்தில் கட்டாவிட்டால், அது வருமானமாகக் கருதப்பட்டு வரியும் 10 சதவீத அபராதமும் விழும். அதில் அவர் பங்கேற்பாரா?

ஐயுஎல் பற்றி நீட்ட விரும்பவில்லை. இலையுதிர் காலத்தில் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணத்தை, ஆரம்ப ஆண்டுகளில் விலகினால் பெருந்தொகை பிடித்துக்கொள்ளும் ஆயுள் காப்பீட்டில் போடுவதால் விற்பவருக்குத் தரகு கிடைக்கும், அவ்வளவே.

மிச்சிகனின் உதவித்தொகைப் பிரிவுக்கு ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். ஆண்டுச் செலவு 40,000 டாலருக்குள் இறங்கினால் மீண்டும் பேசுவோம், வெளிமாநிலத்தாருக்கு அது அரிது. இறங்காவிட்டால் மே 1-க்குள் ஏ அண்ட் எம்மில் சேரும் சம்மதத்தைத் தெரிவித்துவிட்டு, 401கே பாக்கிக்கு மாதம் எவ்வளவு தருவார் என்று மைத்துனரிடம் எழுத்தில் கேளுங்கள்.