டிராயிங்கும் சரக்குதான்: ராக்கெட் பாக ஏற்றுமதிக்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: வியாசர்பாடி தொழிற்பேட்டையில் சி.என்.சி. பட்டறை நடத்துகிறோம். சிறிய ராக்கெட் செய்யும் ஜெர்மன் நிறுவனம் ஒன்று இரண்டு ஜாப் கேட்கிறது. 6061 அலுமினியத்தில் செயற்கைக்கோள் பிராக்கெட் 40, டைட்டானியத்தில் எரிபொருள் வால்வு பாடி 12. வால்வுக்கு ஏற்றுமதித் தடையே இல்லை, சாதாரண ஷிப்பிங் பில் போதும் என்கிறார் பாரிமுனையில் உள்ள எங்கள் கஸ்டம்ஸ் ஏஜென்ட். வாடிக்கையாளரோ ‘ஐடார் இல்லை’ (அமெரிக்க ஆயுத ஏற்றுமதி விதிக்குள் வராது) என்று ஒரு படிவத்தில் கையெழுத்து கேட்கிறார். இதற்கிடையில் ஐந்து அச்சு மெஷினை மணலியில் புதுக் கொட்டகைக்கு மாற்றப் போகிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: ஏஜென்ட் சொல்வது பிராக்கெட்டுக்குப் பெரும்பாலும் சரி. வால்வுக்கு அதை நம்பி அனுப்பாதீர்கள். அவர் பார்ப்பது 8481 என்ற சுங்கக் குறியீடு. வீட்டுக் குழாயும் ராக்கெட் வால்வும் அதே குறியீட்டில்தான் வரும். அனுமதி வேண்டுமா என்பதை முடிவு செய்வது வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் (டி.ஜி.எஃப்.டி.) ஸ்கோமெட் பட்டியல், அதாவது ராணுவத்துக்கும் பயன்படக்கூடிய பொருள்களின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியல். அது குறியீட்டைப் பார்ப்பதில்லை, பொருளின் திறனைப் பார்க்கிறது. விண்வெளி சார்ந்தவை முக்கியமாக 5-ஆம் வகையிலும் 8ஏ9 பகுதியிலும் வரும்.

எனவே வாடிக்கையாளரிடம் எழுத்தில் நான்கு எண்களை வாங்குங்கள்: வால்வில் பாயும் அளவு, அழுத்தம், திறந்து மூடும் நேரம், தாங்க வேண்டிய அதிர்வு. திரவ எரிபொருள் கட்டுப்பாட்டு அமைப்பு, 20 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வில் 10 ஜி ஆர்.எம்.எஸ்.ஸுக்கு (புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல சராசரியாகப் பத்து மடங்கு) மேல் தாங்கும்படி வடிவமைக்கப்பட்டதா என்பது முதல் கேள்வி. அதற்குள் வரும் சர்வோ வால்வு (மின் சமிக்ஞையால் ஓட்டத்தைக் கட்டுப்படுத்துவது) என்றால், நிமிடத்துக்கு 24 லிட்டர் அல்லது அதற்கு மேல், 7 மெகாபாஸ்கல் (சுமார் 70 பார்) அல்லது அதற்கு மேல், 100 மில்லி விநாடிக்குள் இயக்கம் என்பது எல்லைக்கோடு. ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு அமைப்பின் (எம்.டி.சி.ஆர்.) எண்கள் இவை. இந்தியா அதில் 2016 ஜூனில் சேர்ந்தது. ‘நாங்கள் வெறும் பாடிதானே கடைகிறோம்’ என்ற வாதம் நிற்காது. அந்த வால்வுக்கென்றே பிரத்யேகமாக வடிவமைத்த உதிரியும் உள்ளே வரும். அடுத்த ஆர்டர் இன்ஜெக்டர் தட்டாக (எரிபொருளை எரியறைக்குள் தெளிக்கும் துளைத்தட்டு) வந்தால் துளையை அளந்து பாருங்கள். 0.381 மி.மீ. அல்லது அதற்குக் குறைந்த விட்டமுள்ள துளைகளோடு வடிவமைத்த இன்ஜெக்டர் பட்டியலில் தனியாகவே இருக்கிறது.

பிராக்கெட் வெறும் கட்டமைப்புத் துண்டு. அதையும் வாடிக்கையாளரிடம் எழுதி வாங்கிக் கோப்பில் வையுங்கள். பட்டியலில் இல்லாத பொருளுக்கும் விதிவிலக்கு உண்டு. பேரழிவு ஆயுதத்துக்கோ அதைச் சுமக்கும் ஏவுகணைக்கோ போகிறது என்று தெரிந்தால், அல்லது சந்தேகிக்கக் காரணம் இருந்தால், அனுப்பக் கூடாது. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது.

வால்வு அந்த எல்லைக்கோட்டைத் தாண்டினால் டி.ஜி.எஃப்.டி. இணையதளத்தில் ஐ.இ.சி. (இறக்குமதி ஏற்றுமதிக் குறியீடு) எண்ணோடு விண்ணப்பிக்க வேண்டும். பல அமைச்சகங்களின் பிரதிநிதிகள் இருக்கும் குழு டெல்லியில் முடிவெடுக்கிறது. டி.ஜி.எஃப்.டி.யின் நுங்கம்பாக்கம் அலுவலகத்துக்கு நடந்து பயனில்லை. விண்ணப்பம் சிக்குவது பெரும்பாலும் இறுதிப் பயனாளர் சான்றிதழில்தான். பர்ச்சேஸ் ஆர்டரில் 12, சான்றிதழில் 10 என்றால் கேள்வி வரும். நடுவில் டிரேடர் இருந்து, சான்றிதழை அவர் மட்டும் தந்திருந்தால் அது போதாது; ராக்கெட் நிறுவனமே தன் லெட்டர்ஹெட்டில் எங்கே, எதற்குப் பயன்படுத்துகிறது என்று எழுதித் தர வேண்டும். பாகத்தின் பெயர், டிராயிங் எண், ரிவிஷன் மூன்றும் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும். டெலிவரி தேதியில் இதற்கென்று இரண்டு, மூன்று மாதம் சேர்த்துக் கேளுங்கள். அனுமதி இல்லாமல் அனுப்பினால் அபராதம் சரக்கு மதிப்பைப்போல ஐந்து மடங்கு வரை போகலாம். அதைவிட வலிப்பது ஐ.இ.சி. முடக்கம், அப்புறம் பிராக்கெட்கூட வெளியே போகாது.

பட்டறைகள் அதிகம் தடுக்கி விழும் இடம் டிராயிங். பட்டியலில் உள்ள பொருளைத் தயாரிக்கத் தேவைப்படும் தொழில்நுட்பமும் ஏற்றுமதிதான், அது மின்னஞ்சலில் போனாலும். பரிமாண அறிக்கை அனுப்புவதில் பெரிய சிக்கல் இல்லை. நீங்கள் உருவாக்கிய பிராசஸ் ஷீட், திருத்திய சி.ஏ.டி. மாடல், ஃபிக்ஸ்சர் (துண்டைப் பிடித்து வைக்கும் சட்டம்) வடிவமைப்பு ஆகியவற்றை அனுமதி கைக்கு வரும் முன் ஜெர்மனிக்கு அனுப்பாதீர்கள். பாகம் மெஷினிலிருந்து இறங்குவதற்குள் கோப்பு கடல் தாண்டிவிடுகிறது என்பதை ஆபீஸில் கம்ப்யூட்டர் பார்க்கும் பையனுக்கும் சொல்லி வையுங்கள். இஸ்ரோவுக்கு ஜாப் செய்த பழக்கம் இருந்தால் இன்னொன்று: அவர்கள் தந்த டிராயிங்கோ அதிலிருந்து எடுத்த ஃபிக்ஸ்சரோ இந்த ஆர்டருக்குள் நுழையக் கூடாது.

இப்போது அந்தப் படிவம். ஐடார் என்பது அமெரிக்காவின் ஆயுத ஏற்றுமதி விதி. 1999-இல் செயற்கைக்கோள்கள் மொத்தமாக அதற்குள் போயின. 2014-இல் பெரும்பகுதி வணிகத் துறையின் விதிகளுக்குத் திரும்பியது. அந்த இடைவெளியில்தான் ‘ஐடார் இல்லை’ என்பது ஐரோப்பாவில் ஒரு விற்பனைச் சொல்லாகவே ஆனது. நீங்கள் கையெழுத்திடலாம், உங்களுக்குத் தெரிந்ததற்கு மட்டும். ‘எங்கள் தரப்பில் அமெரிக்க டிராயிங்கோ அமெரிக்கத் தொழில்நுட்பத் தகவலோ பயன்படுத்தவில்லை; மூலப்பொருள் இன்ன ஆலையினுடையது’ என்று எழுதுங்கள், மில் சான்றிதழை இணையுங்கள். வடிவமைப்பின் பூர்வீகத்துக்கு வாடிக்கையாளர்தான் பொறுப்பு.

டிராயிங் ஓரத்தில் அமெரிக்க ஏற்றுமதி எச்சரிக்கை அச்சாகியிருந்தால் வேலையை நிறுத்துங்கள். ராக்கெட் பாகங்கள் பல இன்னும் ஐடாரில்தான் இருக்கின்றன. அமெரிக்க வெளியுறவுத் துறை ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். அவுட்சைடு வேலைக்குப் போகும் திருவொற்றியூர் அனோடைசிங் கடையின் பெயரும் சேர வேண்டும். இது இல்லாமல் வாட்ஸ்அப்பில் அந்தக் கடைக்கு டிராயிங்கைத் தள்ளினால் அதுவே மீறல். அங்கே போகிற துண்டுக்குப் பரிமாணமும் மேற்பூச்சுத் தடிமனும் மட்டும் உள்ள தனித் தாள் போட்டுக் கொடுங்கள். ஐடார் விஷயமானால் அந்தத் தாளையும் முதலில் வாடிக்கையாளர் பார்க்க வேண்டும்.

இந்திய, அமெரிக்க அரசுகள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றனவே என்று கேட்பவர்கள் உண்டு. ரஷ்யாவிடம் கிரையோஜெனிக் எஞ்சின் வாங்கும் விவகாரத்தில் 1992-இல் அமெரிக்கா இஸ்ரோமீது தடை போட்டது; 2025 ஜூலையில் இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் செயற்கைக்கோள், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பறந்தது. காலம் நன்றாகவே மாறியிருக்கிறது. ஆனாலும் அந்த ஒப்பந்தங்கள் உங்கள் பர்ச்சேஸ் ஆர்டருக்கு லைசென்ஸ் ஆகாது.

கடைசியாக, மணலி. ஐந்து அச்சில் ஒரே நேரத்தில் வெட்டும் மெஷினே ஓர் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பொருள். ஜப்பானிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வாங்கியிருந்தால், எந்த முகவரியில் வைப்பீர்கள் என்று எழுதித் தந்திருப்பீர்கள். பல மெஷின்களில் இடமாற்றத்தை உணரும் கருவியும் உண்டு; நகர்த்தினால் பூட்டிக்கொள்ளும், தயாரிப்பாளர் வந்து திறக்கும்வரை ஸ்பிண்டில் சுழலாது. கிரேனுக்குச் சொல்லும் முன் விற்பனையாளருக்குப் புது முகவரியோடு கடிதம் கொடுத்து, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். இந்த ஜெர்மன் ஆர்டரின் டெலிவரிக்கு நடுவில் மாற்றம் வராதபடியும் பார்த்துக்கொள்ளுங்கள்.