வேலை செய்யாத போனுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?

கேள்வி: நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். போன நவம்பர் 2-ஆம் தேதி 24 மாதக் காண்ட்ராக்ட்டில் ஒரு போன் எடுத்தேன். ஏப்ரல் 4-ஆம் தேதி திரை கறுத்துப் போனது. கடைக்கு மூன்று வாரம் அலைந்து, 25-ஆம் தேதி சரிசெய்து வாங்கினேன். போனே கையில் இல்லை, பணம் எதற்கு என்று வங்கியில் சொல்லி, மாதாமாதம் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் டெபிட் ஆர்டரை நிறுத்திவிட்டேன். ஜூன் 20-இல் மறுபடி அதே கறுப்புத் திரை. கடையில் இருந்த பெண் போனைக் கையில்கூட வாங்காமல், ‘ஆறு மாதம் முடிந்துவிட்டது’ என்று விரட்டினாள். பேரனின் முதல் பிறந்தநாள் படங்கள் எல்லாம் அதில் இருக்கின்றன. மகள் போய்ச் சத்தம் போட்ட பிறகு, பழுதுபார்த்த பழைய போன் ஒன்றைத் தருவதாக மேலாளர் சொன்னார். வேண்டாம் என்றோம். எங்களுக்குப் புதுப் போனும் மன்னிப்பும் வேண்டும். இந்த மாதம் கடன் வசூல் நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. இங்கே பங்களாதேஷ் மார்க்கெட் பக்கம் ஒரு பையன் குறைந்த விலைக்குத் திரை மாற்றுகிறான், கொடுக்கலாமா? அடுத்த வருடம் நானும் கணவரும் வீட்டுக் கடன் எடுக்க இருக்கிறோம்.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு வேண்டியது ஒரே ஒரு தேதிதான்: ஏப்ரல் 25. விரட்டிய பெண்ணும் மூன்று வார அலைச்சலும் வழக்கில் வராது. மன்னிப்பு கேட்க வைக்க எந்த மன்றத்துக்கும் நேரம் கிடையாது. படங்களுக்கும் யாரும் விலை போட மாட்டார்கள்.

வாங்கிய ஆறு மாதத்துக்குள்தான் குறை கேட்கலாம் என்ற கணக்கைக் கடைக்காரர்கள் நன்றாகவே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவில் அதற்கு அடுத்து வருவதை மட்டும் மறந்துவிடுவார்கள். ஆறு மாதத்துக்குள் பழுதான பொருளைச் சரிசெய்து கொடுத்து, அந்தக் குறை தீராமல் இருந்தாலோ, மூன்று மாதத்துக்குள் வேறு குறை தென்பட்டாலோ, மாற்றுப் பொருள் தர வேண்டும் அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். ஏப்ரல் 25-இல் தொடங்கினால் உங்கள் மூன்று மாதம் ஜூலை 25 வரை. ஜூன் 20 அதற்குள்தான் வருகிறது. இதில் நீங்கள் ஜெயித்த மாதிரிதான்.

ஆனால் ஜூன் 20-இல் போனீர்கள் என்பதற்கு என்ன ஆதாரம்? போனை வாங்கவே இல்லை, அதனால் பழுதுபார்க்கக் கொடுத்ததற்குக் கடை எழுதித் தரும் சீட்டான ஜாப் கார்டும் இல்லை. நாளைக்கு அவர்கள், ‘இந்த அம்மா ஆகஸ்டில்தான் வந்தார்’ என்று சொன்னால் உங்கள் மகளின் சத்தம் மட்டும்தான் சாட்சி. அதனால் இதைப் படித்த கையோடு கடைக்கு ஓர் ஈமெயில் போடுங்கள். ஏப்ரல் 25 ஜாப் கார்டின் படம், கறுப்புத் திரையின் படம், ஜூன் 20-இல் நேரில் வந்த விவரம், இவ்வளவு போதும். கோபத்தை அதில் எழுத வேண்டாம். நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் ஓம்பட்ஸ்மனிடம் போவது, 20,000 ரேண்டு வரைக்கும் சிறு வழக்கு மன்றத்தில் வக்கீல் இல்லாமலே கேட்பது, இதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். அவசியம் வந்தால் அப்புறம் பார்க்கலாம்.

எனக்குக் கவலை தருவது போன் அல்ல, டெபிட் ஆர்டர். வீட்டுக் கடனைக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அது முதல் வரியில் வந்திருக்க வேண்டும்.

பொருள் கெட்டால் பணத்தை நிறுத்தலாம் என்பது நியாயமாகத்தான் தோன்றும். நீதிமன்றத்தில் அதற்கு வாதாடவும் இடம் உண்டு. ஆனால் உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கப்போகும் வங்கிக் கணினி வாதம் கேட்காது. யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார் என்று பதிவு வைத்திருக்கும் கிரெடிட் பீரோவில் உங்கள் பெயருக்கு நேரே என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்கும். டர்பன் பக்கத்து பீனிக்ஸிலிருந்து ஒரு ஓட்டுநர் என்னிடம் வந்தார். போன் விஷயத்தில் நியாயம் முழுக்க அவர் பக்கம். பாக்கி நாலாயிரம் ரேண்டுக்கும் குறைவு. ‘நான் ஏன் கட்டணும்?’ என்றே ஒன்றரை வருடம் இருந்துவிட்டார். வீட்டுக்கு முன்பணம் தயாரான வாரத்தில் வங்கி கையை விரித்தது. வீட்டை வேறு யாரோ வாங்கினார்கள்.

பணம் கட்டாதவர் என்று கிரெடிட் பீரோவில் எதிர்மறைப் பதிவு போடும் முன் 20 வேலை நாள் அறிவிப்பு தர வேண்டும் என்பது விதி. உங்கள் கையில் இருக்கும் கடிதம் அதுவாக இருக்கலாம். அதன் தேதியைப் பார்த்து நாளை எண்ணிக்கொள்ளுங்கள். அதற்குள் பாக்கியைக் கட்டிவிடுங்கள். ‘போனின் குறை பற்றிய என் உரிமையை விட்டுக்கொடுக்காமல் கட்டுகிறேன்’ என்று ஒரு வரி எழுதி, ரசீது வாங்கி, டெபிட் ஆர்டரைத் திரும்பவும் தொடங்குங்கள். பதிவு ஏற்கெனவே விழுந்துவிட்டால்கூட, கட்டித் தீர்த்த பிறகு அதை நீக்கியாக வேண்டும். ஆனால் தவறவிட்ட மாதங்கள் உங்கள் கட்டண வரலாற்றில் தெரிந்துகொண்டுதான் இருக்கும்.

வசூல் நிறுவனத்தார் இனிக்க இனிக்கப் பேசி, ‘தவணையில் கட்டலாம், இதில் ஒரு கையெழுத்து மட்டும்’ என்று ஒரு தாளை அனுப்புவார்கள். அது கடனை ஒப்புக்கொள்ளும் பத்திரம். வசூல் செலவையும், பல சமயம் உங்களுக்கு எதிரான நீதிமன்றத் தீர்ப்புக்கு முன்கூட்டியே சம்மதத்தையும் சேர்த்து எழுதி வைத்திருப்பார்கள். மூன்று மாதப் பாக்கிக்கு அந்தக் கையெழுத்து வேண்டாம். எப்படியாவது புரட்டி மொத்தமாகக் கட்டிவிடுங்கள்.

சரி, மேலாளர் தருவதாகச் சொன்ன அந்தப் பழைய போன். உங்களுக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன்: வாங்கிக்கொள்ளுங்கள். காண்ட்ராக்ட் போனில் ‘பணம் திரும்ப’ என்றால் ரொக்கம் கைக்கு வரும் என்று எண்ணாதீர்கள், மீதித் தவணையில் கழித்துவிடுவார்கள். புதுப் போனுக்காக மாதக்கணக்கில் இழுத்து, அதற்கிடையில் வேறு போன் வாங்கப் பணம் போவதைவிட, வேலை செய்யும் ஒன்று கையில் இருப்பது மேல். வாங்கும்போது நீட்டும் தாளில் ‘முழுமையான, இறுதித் தீர்வு’ என்று இருக்கும். இத்தோடு பாக்கியும் தீர்ந்தது என்று நம்பி, அப்புறம் ஒரு மாதமும் கட்டாமல் மாட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது போனின் குறைக்கு மட்டும்தான் தீர்வு, காண்ட்ராக்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். போனுக்குக் காப்பீடு எடுத்திருந்தால், மாற்றுப் போனின் ஐஎம்இஐ எண்ணையும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) காப்பீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பழைய எண்ணே இருந்தால், போன் திருடு போகும் அன்று கைகழுவிவிடுவார்கள்.

மார்க்கெட் பையனிடம் போன் போகவே கூடாது. விற்றவர் கையை விட்டுப் போன பிறகு யாராவது உள்ளே கைவைத்தால், அந்த அளவுக்கு உத்தரவாதம் செல்லாது என்று அதே 56-ஆம் பிரிவு சொல்கிறது. அவன் திறந்தான் என்று தெரிந்தால் கடைக்காரர் வேறு வாதமே தேட வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் ஜூலை 25-ஐ மறந்துவிடுங்கள், பாக்கியை மட்டும் கட்டுங்கள்.