அப்பாவின் ஸ்க்வாட்ரன் நண்பர்களை எப்படித் தேடுவது?

கேள்வி: அப்பா விமானப்படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர். 1971 போரின்போது ஸ்ரீநகரில் 18-வது ஸ்க்வாட்ரனின் நாட் விமானங்களைப் பராமரித்தவர். இப்போது வயது 76. அன்று கூட இருந்தவர்களை ஒருதடவையாவது பார்த்துவிட வேண்டும் என்கிறார். எங்கிருந்து தொடங்குவது? – கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு மகள்

பதில்: முதலில் கூகுளை மூடிவிடுங்கள். அப்பா சொல்லும் பெயர்கள் சர்மா, கில், தாஸ் என்றுதான் இருக்கும். அவர்களுக்கு உங்கள் அப்பா வெறும் 'மதராஸி'. இதை வைத்து யாரைப் பிடிப்பது?

பீரோவில் இருக்கும் டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுங்கள். சர்வீஸ் நம்பர், ட்ரேடு (வேலைப் பிரிவு), சேர்ந்த தேதி, இருந்த யூனிட்டுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஏர்மேன்களுக்குள், அதாவது அதிகாரி அல்லாத விமானப்படையினருக்குள், ஸ்க்வாட்ரனைவிட 'என்ட்ரி' உறவுதான் கெட்டி. ஒன்றாகச் சேர்ந்து பயிற்சி முடித்தவர்கள், போஸ்டிங் மாறினாலும் தொடர்பை விடமாட்டார்கள். என்ட்ரியில் ஒருவர் கிடைத்தால் போதும், அவர் வழியாக நாலு பேர் வருவார்கள்.

ஏர்மேன்களின் பதிவேடுகள் டெல்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள ரெக்கார்ட் ஆபீசில் இருக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில் நண்பரின் முகவரி கேட்டு மனுப் போடாதீர்கள். தனிநபர் விவரம் என்று 8(1)(ஜே) பிரிவைக் காட்டித் திருப்பிவிடுவார்கள். அதற்குப் பதில் அப்பா கைப்பட ஒரு கடிதம் எழுதி, அதை உரியவருக்கு அனுப்பிவைக்க முடியுமா என்று கேளுங்கள். ஈரோடு முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் ஏர்ஃபோர்ஸ் அசோசியேஷனிலும் சொல்லி வையுங்கள். என் அனுபவத்தில் இவை எல்லாவற்றையும்விட வேகமான இடம், முன்னாள் படைவீரர்களுக்கான இசிஹெச்எஸ் பாலிகிளினிக்கில் மருந்து வாங்கும் வரிசைதான்.

நம்பர் கிடைத்ததும் போனை நேராக அப்பா கையில் கொடுத்துவிடாதீர்கள். முதல் அழைப்பை நீங்களே செய்யுங்கள். 1971-ல் 20 வயதுப் பையனாக இருந்தவருக்கே இன்று 75 தாண்டுகிறது. எடுப்பது அவர் மனைவியாக இருக்கலாம். நண்பர் காலமாகி வருடங்கள் ஆகியிருக்கலாம். உயிரோடு இருந்தாலும் ஞாபகம் தப்பியிருக்கலாம். அந்தச் செய்தியை அப்பாவிடம் எப்போது, எப்படிச் சொல்வது என்று உங்களுக்குத்தான் தெரியும். நான் ஒருமுறை இதை யோசிக்காமல் ஒரு பெரியவரிடம் போனை நீட்டிவிட்டேன். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

எங்கே கூடுவது? இங்கேயே வரச் சொல்லலாம், அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் தளத்தின் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தபோதே நாட் விமானத்தில் கிளம்பிப் போரிட்டு உயிர்விட்டவர் நிர்மல்ஜித் சிங் செகோன். விமானப்படைக்குக் கிடைத்த ஒரே பரம்வீர் சக்கரம் அவருடையது. அவருடைய அந்த 18-வது ஸ்க்வாட்ரன், 2020 மே 27 அன்று தேஜஸ் விமானங்களுடன் மறுபடி தொடங்கப்பட்டது நம் சூலூரில்தான். தளத்துக்குள் போக ஆசைப்பட்டால் சில மாதங்கள் முன்பே எழுதி அனுமதி கேளுங்கள். கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டால் அதற்காகச் சந்திப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. மண்டபம் பிடித்து மைக் செட் கட்ட வேண்டாம். ஜெட் என்ஜின் பக்கத்திலேயே வேலை பார்த்த பலருக்குக் காது மந்தம், கூட்ட இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே புரியாது. உங்கள் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் நாலு கயிற்றுக் கட்டில் போடுங்கள். பழைய போட்டோக்களைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டு, நீங்கள் கொஞ்சம் தள்ளிப் போய் உட்காருங்கள்.