மங்குஸ்தானின் அடியில் ஒரு பூ

வணக்கம் ஐயா. ரங்கூனில் இருக்கிறோம். என் மகனுக்கு மூன்று வயது. வாழைப்பழத்தைத் தவிர எந்தப் பழத்தையும் தொடமாட்டேன் என்கிறான். வேறு பழங்களை மிக்ஸியில் அடித்துப் பாலில் கலந்து, வாழைப்பழம் என்று சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்குவதில்லை. மழைக்காலத்தில் பழம் தின்றால் சளி பிடிக்கும் என்கிறார் மாமியார். எந்தப் பழத்தில் தொடங்கலாம்?

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் சந்தையிலிருந்து மங்குஸ்தான் வாங்கி வந்து, அதைப் பார்த்தபடி என் அப்பத்தாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் உடனே எழுதுகிறேன்.

சளி கிருமியால் வருவது. மாமியாரிடம் வாதாட வேண்டாம். பழம் உரிக்கும் வேலையை அவரிடமே கொடுங்கள்.

ஆனால் வாழைப்பழம் என்று பொய் சொல்வதை இன்றே நிறுத்துங்கள். பிள்ளைக்கு நாக்கு இருக்கிறது. சொன்ன ருசி இல்லையென்றால், அடுத்து அவன் நம்பாமல் போவது உங்கள் கையை. அப்புறம் நிஜ வாழைப்பழத்தையும் தள்ளிவிடுவான். மிக்ஸியில் போட்டபின் பழத்தில் என்ன மிச்சம்? தோலின் சொரசொரப்பு இல்லை, காம்பின் வாசனை இல்லை, பிளக்கும்போது வரும் சத்தம் இல்லை. முகமே காட்டாத ஒன்றை அவன் எப்படிப் பழகுவான்?

பர்மாவில் மோல்மேன் ஊரில் இருந்தோம், எனக்கு நாலு வயதிருக்கும். மழை பிடித்துவிட்டால் அப்பத்தா முறத்தில் மங்குஸ்தானைக் கொட்டிக்கொண்டு உட்காருவாள். சாப்பிடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒன்றைக் கையில் தந்து, "அடியைத் தடவிப் பாரு, பூ இருக்கா? எத்தனை இதழு?" என்பாள். காம்புக்கு எதிர்ப்பக்கம், மரத்தில் செதுக்கியது போல ஒரு சின்னப் பூ. விரல் வைத்து எண்ணுவேன். ஆறு. "அப்ப உள்ள ஆறு சுளை" என்று உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அமுக்குவாள். தோல் பிளக்கும். வெள்ளை வெளேரென்று ஆறு. பூவாக இருந்தபோது அதன் நடுவே மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூல்முடியின் மடல்கள்தான் காய்ந்து அப்படி ஒட்டியிருக்கின்றன. மடலுக்கு ஒரு சுளை. எத்தனையோ நாள் எண்ண மட்டுமே செய்தேன். சட்டையில் தோல்கறை பட்டுப் போகவே இல்லை. அம்மா திட்டியது அப்பத்தாவைத்தான். ஒருநாள் எட்டு இதழ் வந்தது. நம்பாமல் சுளைகளை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணியவன், எட்டாவதை வாயில் போட்டுக்கொண்டேன். அப்பத்தா பார்த்தும் பாராததுபோல அடுத்த பழத்தை எடுத்தாள்.

அந்தப் பாராமுகம் எனக்கு வரவில்லை. என் மகளின் தாடையைப் பிடித்துப் பப்பாளியை ஊட்டினேன். கண்ணீரோடு விழுங்கினாள். இன்று அவளுக்கு இரண்டு பிள்ளைகள். பப்பாளி நறுக்கினால் இன்னமும் எழுந்து வெளியே போய்விடுகிறாள். அதை என்னால் திரும்ப அழிக்க முடியாது. உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு கடிந்துகொள்கிறேன்.

1982-இல் லியான் பர்ச், டயான் மார்லின் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், இரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் புதுப் பழங்களையும் பாலாடைக்கட்டிகளையும் கொடுத்துப் பார்த்தார்கள். சிலவற்றை இரண்டே முறை, சிலவற்றை இருபது முறை வரை. அதிகம் ருசி பார்த்ததையே பிள்ளைகள் அதிகம் விரும்பி எடுத்தார்கள். நீங்களோ இரண்டு வாயோடு கணக்கை முடித்துவிடுகிறீர்கள்.

எந்தப் பழம் என்று கேட்டிருந்தீர்கள். மங்குஸ்தானே வாங்குங்கள். கல்லாக இறுகியது வேண்டாம்; அமுக்கினால் கொஞ்சம் நெகிழ வேண்டும். பழைய சட்டையை மாட்டிவிடுங்கள். பெரிய சுளைக்குள் கொட்டை இருக்கும், எடுத்துவிடுங்கள். ரம்புத்தானைப் பர்மியர் சேவற்கொண்டைப் பழம் என்பார்கள். அந்தப் பெயரைச் சொல்லிக் கன்னத்தில் உரசிக் காட்டுங்கள். முழுதாக மட்டும் வாயில் போட விடாதீர்கள், வழுக்கித் தொண்டையை அடைத்துவிடும். சதையைக் கொட்டையிலிருந்து சீவிச் சிறு துண்டுகளாகத் தட்டில் வைத்துவிட்டு, நீங்கள் வேறு வேலையைப் பாருங்கள்.

முதல் பழத்தில் எத்தனை இதழ் எண்ணினான் என்று எனக்கு எழுதுங்கள்.