பந்து நடுவில், ஆனால் கம்பி சிக்கவில்லையா? கொக்கியைப் பாருங்கள்

சிமுலேட்டரில் எஃப்/ஏ-18 போர் விமானத்தை விமானந்தாங்கிக் கப்பலில் இறக்கும்போது, இறங்கும் பாதை சரியா என்று காட்டும் கப்பலின் ஒளிப்பந்து பச்சை விளக்கு வரிசைக்கு நேராகவே இருந்தும், விமானத்தை நிறுத்தத் தளத்தின் குறுக்கே கட்டியிருக்கும் கம்பிகளில் ஒன்றுகூடச் சிக்கவில்லை, விமானி முன்னால் உள்ள கோண விளக்கு (இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தைக் காட்டுவது) வேறு மினுக்கிக்கொண்டே இருந்தது என்கிறீர்கள். பதில் அந்த மினுக்கலில்தான் இருக்கிறது. சக்கரம் இறங்கி, கம்பியைப் பிடிக்கும் வால் கொக்கி இறங்காவிட்டால் அது அப்படி மினுக்கும். மூக்குச் சக்கரக் காலில் இருக்கும் விளக்கும் கூடவே மினுக்கும். நிஜத்தில் தளத்தோரம் நிற்கும் தரையிறக்க அலுவலர் அதைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிடுவார். உங்கள் சிமுலேட்டர்க்காரர் கண்டுகொள்ளவில்லை போல!

மினுக்கல் தொந்தரவாக இருக்கிறதே என்று கொக்கி பைபாஸ் சுவிட்சைத் தரை ஓடுதளத்துக்கான ‘ஃபீல்டு’ நிலைக்குத் தள்ளிவிடாதீர்கள். எச்சரிக்கையே போய்விடும். கப்பலுக்கு ‘கேரியர்’தான்.

கொக்கி இறங்கியும் சிக்கவில்லை என்றால் கோண விளக்கின் நிறத்தைக் கவனியுங்கள். மஞ்சள் வட்டம் சரி, பச்சை மெதுவு, சிவப்பு வேகம். பந்து காட்டுவது உங்கள் கண்ணின் பாதையை, கொக்கியின் பாதையை அல்ல. வேகம் கூடி மூக்கு தாழ்ந்தால் வால் உயரும். பந்து நடுவில் இருந்தாலும் கொக்கி கம்பிகளைத் தாண்டிவிடும்.

அப்புறம், சக்கரம் தொட்டதும் த்ராட்டிலை (இன்ஜின் விசைக் கைப்பிடியை) முழுதாகத் தள்ளுங்கள். கம்பி தவறினால் மறுபடி எழும்ப அதுதான் வழி.