தொப்பையால் வரும் கூச்சம் தாம்பத்தியத்தைக் கெடுக்குமா?

வெள்ளவத்தையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: வண்டி (தொப்பை) வைத்துவிட்டது, மனைவி முன்னால் சட்டையைக் கழற்றக் கூச்சம், விறைப்பும் சரியாக வருவதில்லை என்று.

இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம். நெருக்கமான நேரத்தில் "நான் எப்படித் தெரிகிறேன்" என்று மனம் தன்னையே வேவு பார்த்தால் சுகத்தில் கவனம் நிற்காது. பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970இலேயே இதை விளக்கினார்கள். பதற்றத்தில் சுரக்கும் நோரட்ரினலின் என்ற ஹார்மோன் ஆணுறுப்பின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ஆசை இருந்தும் உடல் ஒத்துழைக்காமல் போவது இப்படித்தான்.

தொப்பையைக் குறைக்க ஜிம்முக்குப் போய், அங்கே யாராவது தசை வளர்க்கும் ஸ்டீராய்டு ஊசி தந்தால், தயவுசெய்து வேண்டாம். உடலின் சொந்த டெஸ்டோஸ்டிரோனையும் விந்தணு உற்பத்தியையும் அது அடக்கிவிடும்.

கூச்சத்தை மனைவியிடம் சொல்லுங்கள். நீங்கள் விலகுவதற்கு அவர் வேறு காரணம் நினைத்துக்கொண்டிருக்கக்கூடும், பாவம். அப்புறம், சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் பார்த்துவிடுங்கள். விறைப்புக் குறைவு இதய நோயின் முன்னறிகுறியாகவும் வரலாம்.