வார்ட்ரோப் ஓரத்தில் ஒரு கண் இருக்கட்டும்

மும்பை வாசகர்கள் அனுப்பிய வார்ட்ரோப் சந்தேகங்களுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி (செம்பூர் வாசகி): அடர் சாம்பல் நிற மேட் ஃபினிஷ் சன்மைக்கா. வீட்டில் ஐந்து பேரும் புழங்கும் வார்ட்ரோப். கைப்பிடியைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று ஒரு திட்டு. துடைத்தால் போகிறது, காய்ந்ததும் மறுபடி தெரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: தலைக்கு வைத்த தேங்காய் எண்ணெய், ஹேண்ட் கிரீம், வியர்வை எல்லாம் சேர்ந்து படிந்த படலம் அது. மேட் பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்கள் உண்டு. வெறும் ஈரத்துணி எண்ணெயை அந்தப் பள்ளங்களில் இழுகிவிடுமே தவிர எடுக்காது. ஈரம் இருக்கும்வரை மறைந்திருக்கும், அவ்வளவுதான்.

1 லிட்டர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் போதும். மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, திட்டின் மேல் அரை நிமிடம் ஒத்தி வையுங்கள். எண்ணெய் இளகியதும் துடையுங்கள். அடுத்து வெறும் தண்ணீரில் பிழிந்த துணி, கடைசியாக உலர்ந்த துணி. பலர் நடுவில் வரும் துணியை விட்டுவிடுகிறார்கள். தங்கிய சோப்பு, பிசுக்காகிப் புது அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

இதற்குப் பிறகும் பளபளப்பு இருந்தால், அது அழுக்கல்ல, தேய்மானம். பச்சை நார், பேக்கிங் சோடா, 'மேஜிக் ஸ்பான்ஜ்' என்று விற்கும் வெள்ளை நுரைத்துண்டு ஆகியவற்றின் வேலையாக இருக்கும். அந்த நுரைத்துண்டும் மெலமைன்தான், சன்மைக்காவின் மேல்பூச்சும் மெலமைன்தான். வைரத்தை வைரம் அறுக்கிற கதை! மேட் பரப்பு மினுங்கும், கிளாஸி பரப்பு மங்கும். தேய்ந்ததைத் திரும்ப வரவழைக்க வழியில்லை. பின்தகடு வைத்த கைப்பிடியாக மாற்றினால் திட்டு மறையும், இனி விரல் படுவதும் தகட்டின் மேல்தான்.

கேள்வி (டோம்பிவிலி வாசகர்): கதவின் கீழ் ஓரத்தை மூடும் பிவிசி பட்டி பிரிந்து, உள்பலகை உப்பியிருக்கிறது. ஃபெவிகால் வைத்து ஒட்டினேன், ஒரே வாரத்தில் கழன்றுவிட்டது. பக்கத்துக் கதவோடு உரசி ஓரமும் தேய்கிறது.

பதில்: சன்மைக்கா என்பது பிசினில் ஊறிய காகித அடுக்குகளை, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய தகடு. அதன் முகத்தில் தண்ணீர் புகாது. அறுத்த ஓரம் அப்படியல்ல. தினமும் மாப் போடும்போது தெறிக்கும் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது.

உப்பிய இடத்தை முதலில் நகத்தால் கீறிப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் பார்ட்டிகிள் போர்டு. உப்பியது அமுங்காது. அந்தக் கதவை மாற்றுவதே மேல், ஒட்டுப்போட்டுச் செலவழிக்காதீர்கள். அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். நான்கைந்து நாள் ஃபேன் காற்றில் உலரவிட்டால் பெரும்பாலும் தேறிவிடும்.

வெள்ளை ஃபெவிகால் ஏன் கழன்றது? அதிலுள்ள தண்ணீரை மரம் உறிஞ்சினால்தான் அது இறுகும். பிவிசி பட்டி எதையும் உறிஞ்சாது. ஹார்டுவேர் கடையில் மஞ்சள் நிற ரப்பர் பசை கேளுங்கள். பழைய பசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, பட்டியிலும் பலகையிலும் மெல்லிசாகத் தடவி, 10 முதல் 15 நிமிடம் காத்திருங்கள். தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்ததும் ஒரு முனையிலிருந்து அழுத்திக்கொண்டே போகவேண்டும். ஒட்டியபின் நகர்த்த முடியாது என்பதால் முதலிலேயே கோடு பார்த்துக்கொள்ளுங்கள். மேலே பேப்பர் டேப் போட்டு 24 மணி நேரம் விடுங்கள். இந்தப் பசை எளிதில் தீப்பற்றும்: ஜன்னல் திறந்திருக்கட்டும், விளக்கோ ஊதுபத்தியோ எரியக்கூடாது.

பட்டி சுருங்கியோ வளைந்தோ இருந்தால் புதிதாக வாங்கிவிடுங்கள். கால்பட்டு அடிபடும் கீழ் ஓரத்துக்கு 0.8 மி.மீ. தடிமன் பட்டியைவிட 2 மி.மீ. பட்டி தாங்கும்.

உரசலுக்குக் காரணம் கீல். ஈரத்துண்டைக் கதவின் மேல் போட்டுப் போட்டே பல வீடுகளில் கதவு தொய்கிறது. கீலின் கையில், கதவுப் பக்கமாக இருக்கும் திருகு கதவை இடவலமாக நகர்த்தும். ஒரு தடவைக்குக் கால் சுற்று மட்டும் திருப்பி, மூடிப் பாருங்கள். இரு கதவுக்கும் நடுவே மேலிருந்து கீழ்வரை 2 முதல் 3 மி.மீ. இடைவெளி ஒரே சீராக வரவேண்டும். கீலைப் பலகையோடு இணைக்கும் திருகு பிடிக்காமல் சுற்றினால், அதைக் கழற்றிவிட்டு, ஓட்டையில் மருந்து நீக்கிய இரண்டு தீக்குச்சிகளை வெள்ளை ஃபெவிகாலில் தோய்த்துச் செருகி, மறுநாள் முடுக்குங்கள். மரத்தோடு மரம் என்பதால் இங்கே வெள்ளைப் பசை சரியான ஆள்.

கேள்வி (மாட்டுங்கா வாசகி): கதவெல்லாம் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிய பிசுபிசுப்பு. பேரன் பால்பாயிண்ட் பேனாவால் வேறு கிறுக்கியிருக்கிறான்.

பதில்: பொட்டுப் பசைக்குத் தேங்காய் எண்ணெய். 10 நிமிடம் ஊறியதும் பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் தள்ளுங்கள், பிறகு சோப்பு நீர். பிளேடு கூடாது. பேனா மைக்குத் திரவ சானிட்டைசரைப் பஞ்சில் தொட்டு, வெளியிலிருந்து உள்நோக்கித் துடையுங்கள். அக்ரிலிக் ஷட்டர் (கதவு) என்றால் சானிட்டைசரும் வேண்டாம், நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம். ரிமூவர் பட்டால் பிவிசி பட்டியும் இளகும்.

கேள்வி (அந்தேரி வாசகர்): சன்மைக்காவில் மைக்கா இருக்கிறதா?

பதில்: கிடையாது. 1913-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் தொடங்கிய ஃபார்மைக்கா நிறுவனம், மின்காப்புக்கு மைக்காவுக்குப் பதிலாக ஒரு பொருள் செய்தது. 'ஃபார் மைக்கா' என்பதே பெயரானது. சன்மைக்கா என்பதும் ஒரு பிராண்டின் பெயர்தான். நம் ஊரில் லாமினேட்டுக்கே அதுதான் பெயர் என்றாகிவிட்டது.

கேள்வி (முலுண்ட் வாசகி): ஜூன் வந்தால் வார்ட்ரோப் உள்ளே பூஞ்சை. அந்துருண்டை போட்டும் பட்டுப்புடவையில் புழுங்கல் வாடை.

பதில்: அந்துருண்டை பூச்சிக்கு. ஈரத்தை அது தொடாது. கால்சியம் குளோரைடு உள்ள ஈரம் உறிஞ்சும் டப்பா வாங்கிக் கீழ்த்தட்டில் வையுங்கள், புடவைக்குப் பக்கத்தில் வேண்டாம். அதில் சேரும் உப்புநீர் சிந்தினால் ஜரிகைக்கு ஆபத்து, பட்ட இடமும் லேசில் காயாது. பூஞ்சையை உலர்ந்த துணியால் தட்டாதீர்கள், பறந்து பரவும். முகக்கவசம் போட்டுக்கொண்டு சானிட்டைசர் துணியால் துடைத்து, கதவைத் திறந்து 2 மணி நேரம் ஃபேன் ஓடவிடுங்கள்.

வருடா வருடம் அதே இடத்தில் வந்தால் சுவரைச் சந்தேகப்படுங்கள். வார்ட்ரோப்பை ஒட்டிய சுவரில் 1 அடி சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர் முத்துமுத்தாக நின்றால் வெளிச்சுவரோ குளியலறைக் குழாயோ கசிகிறது என்று பொருள். அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு சொசைட்டி செயலாளரிடம் போங்கள். கசிவு நிற்கும்வரை புடவைகள் வேறு அலமாரியில் இருக்கட்டும்.